பாறைவாசல் சக்கோ

சக்கோவின் பெயரைச் சொன்னால் எங்கள் குடியிருப்பில் எல்லாரும் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் வாயைத் திறப்பார்கள். பேரரசர் தன் ராஜ்யத்தின் வடக்கு எல்லையில் கட்டிய சுவரில் இருபத்தைந்து வருடம் காவல் நின்ற ஆள் அவன். அத்தனை வருடத்தில் எதிரி என்று ஒருவனையும் நேரில் கண்டதில்லை. அவன் கண்டதெல்லாம் தகோமாஸைத்தான். தன் ஊர்க்காரன், தன்னோடு ஒரே நாளில் படையில் சேர்ந்தவன், தனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவன். அந்த ஒரு ஆளைப் பார்த்தே சக்கோவுக்கு ஆயுசு முழுக்க வயிறு எரிந்தது.

இருவரும் கடலுக்கு அந்தப் பக்கம், துங்க்ரி மக்களின் நாட்டில், மோசா ஆற்றோரத்தில் பிறந்தவர்கள். அடுத்தடுத்த வீடு. தகோமாஸை அழகன் என்று சொல்ல முடியாது. மூக்கு கொஞ்சம் கோணல், முன்பல் ஒன்று பாதிதான் இருக்கும். ஆனால் அவன் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்பில் இருப்பது தானாகத் தட்டுக்கு வந்துவிடும். சக்கோவின் சொந்த அம்மாவே, தகோமாஸ் வந்தால் "வாடா ராசா, உக்காரு" என்பாள். பெற்ற பிள்ளை வந்தால் "கதவச் சாத்து, குளிரு வருது" என்பாள். இதை எந்தப் பிள்ளைதான் பொறுப்பான்? சக்கோ பொறுக்கவில்லை. படையில் சேர்ந்தாலாவது இவனை விட்டுத் தொலையலாம் என்று ஆள் எடுக்கும் இடத்துக்குப் போனான். வரிசையில் அவனுக்கு முன்னால் தகோமாஸ் நின்றுகொண்டிருந்தான்.

"மாப்ள, நீயும் வந்துட்டியா! எங்க தனியாப் போறோமேன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்டா" என்று ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டான்.

கப்பலேறி பிரிட்டானியாவுக்கு வந்தபோது சுவரைக் கட்டி முடித்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. சுவர் என்றதும் தூரத்து ஊர்க்காரர்கள் வாளையும் ரத்தத்தையும் கற்பனை செய்துகொள்கிறார்கள். இங்கே குடியிருந்து பார்த்தால்தான் தெரியும், பாதி நாள் அது வாசல்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று. வடக்கே இருக்கிறவர்களுக்குத் தெற்கே சந்தை வேண்டும், மாட்டை விற்க வேண்டும், கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வேண்டும். வரட்டும். ஆனால் வாசல் வழியாக வரட்டும், கூரான எதையும் வாசலில் வைத்துவிட்டு வரட்டும், போகிற இடம் வரைக்கும் ஒரு காவலன் கூடப் போகட்டும். சட்டம் இவ்வளவுதான். ஆட்டு ரோமம் வெட்டுகிற கத்திரிக்கோல்கூட ஆள் திரும்பி வரும்வரை வாசலில்தான் கிடக்கும்.

மைலுக்கு ஒரு வாசல் என்று உத்தரவு. கட்டினவர்கள் அளவுக் கயிற்றைப் பார்த்தார்களே தவிரத் தரையைப் பார்க்கவில்லை. சமவெளியில் மைல் முடிந்த இடத்தில் வாசல் வைத்தார்கள், சரி. செங்குத்துப் பாறையின் உச்சியில் ஒரு மைல் முடிந்தது, அங்கேயும் வாசல் வைத்தார்கள். இரட்டைக் கதவு, கல் வளைவு, பின்னால் எட்டுப் பேர் தங்கக் கொட்டடி, எதிலும் குறையில்லை. கதவைத் திறந்து நாலு எட்டு வைத்தால் கீழே ஏரிதான். அந்த வழியாக எவன் வருவான், எவன் போவான் என்று கட்டினவர்கள் யோசித்தார்களா என்றால், யோசிக்கச் சொல்லி உத்தரவு வரவில்லை.

எந்த வாசலுக்கு யார் என்று முடிவு செய்ய இரும்புத் தொப்பிக்குள் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கினார்கள். தகோமாஸுக்கு ஆற்றுவாசல் விழுந்தது. சுற்றுவட்டாரத்திலேயே ஜனம் அதிகமாகப் புழங்குகிற வாசல் அது. சக்கோவுக்குப் பாறைவாசல் விழுந்தது.

காலையில் கொம்பு ஊதினால் பாறைவாசலையும் திறக்க வேண்டும், அந்தியில் ஊதினால் மூட வேண்டும். கதவு சுழலும் குடுமியில் பன்றிக் கொழுப்பு தடவியிருக்கிறதா என்று மேலதிகாரி வந்து விரலை விட்டுப் பார்ப்பார். சக்கோ திறந்தான், மூடினான், தடவினான். திறந்த கதவு வழியாகக் காற்று வந்தது, மழை வந்தது, சில நாள் பனிமூட்டம் வந்தது. மனுஷ ஜாதி என்று ஒன்றும் வரவில்லை. கேலிக்கு மட்டும் பஞ்சமில்லை. பக்கத்துக் காவல்கோபுரத்துக்காரர்கள் அந்தப் பக்கம் போனால் சும்மா போகமாட்டார்கள்.

"என்ன சக்கோ, இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தியோ?"

"காக்கா வந்துச்சாமே. அலகக் கழட்டி வாசல்ல வெச்சுட்டுத்தான போச்சு? சட்டம்னா சட்டம்பா!"

இதற்கெல்லாம்கூட அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான். ஆனால் அவர்கள் போகிற போக்கில் ஆற்றுவாசலைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். தகோமாஸுக்கு ஒரு கிழவர் கம்பளிச் சட்டை கொடுத்தாராம். தகோமாஸ் பிரிட்டன் பாஷையில் வாய்ச்சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டானாம். ஒரு வாத்து அவன் பின்னாலேயே சுற்றுகிறதாம். வாத்துகூட அவனைத்தான் தேடிப் போகிறதா என்று சக்கோவுக்கு மூக்கு சிவக்கும்.

ஒரு வசந்த காலத்தில் சக்கோவுக்கு ஒரு நாள் விடுப்பு கிடைத்தது. நேரே ஆற்றுவாசலுக்குப் போனான். சந்தை நாள். மாடும் ஆடும் கூடையும் சண்டையுமாக ஒரே இரைச்சல். அதன் நடுவில் தகோமாஸ், சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஆள் வரவேற்கிறவனைப் போல வாசலைத் தாண்டி வெளியிலேயே நின்றுகொண்டிருந்தான். அவன் பக்கத்தில் ஒருத்தி பாலாடைக்கட்டிக் கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சிவந்த முடி, முழங்கை வரை தவிடு தெளித்த மாதிரி புள்ளிகள், ஊரையே அதட்டுகிற குரல். வடக்கே ஏரிக்கு அப்பால் மாடு வைத்திருக்கிறவரின் மகள், வெல்லிபியா என்று பெயர். தன் கத்தியை வாசலில் ஒப்படைப்பதற்கு முன்னால் கட்டியில் ஒரு துண்டு வெட்டி, கத்தி முனையிலேயே தகோமாஸிடம் நீட்டினாள்.

"இந்தாய்யா, வாய மூடு. வாய மூடினாத்தான் என்னால உள்ள போக முடியும். பேசியே கொல்லுற."

தகோமாஸ் அந்தத் துண்டைத் தின்றுகொண்டே கத்தியைத் துணியில் சுற்றி வைத்தான். "சரி போ, வெயிலு சாயறதுக்குள்ள வந்துரு" என்றான். அவளோடு எந்தக் காவலனும் போகவில்லை. அவள் பாட்டுக்குத் தனியாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனாள். பின்னால் வந்தவர்களும் அப்படியே போனார்கள். யார் நல்லவர், யார் கோணல் என்று தகோமாஸுக்கு முகத்தைப் பார்த்தே தெரியும், அதனால் ஆள் அனுப்புவதையே விட்டுவிட்டிருந்தான்.

சக்கோ அங்கேயே நின்றான். அந்தப் பெண் அவனைக் கடந்து போகும்போது "வழி விடுண்ணே" என்று மட்டும் சொன்னாள். அவனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்த வாசலில் நான் நின்றிருந்தால் அந்தத் துண்டு எனக்கு, அந்தச் சிரிப்பு எனக்கு, இவள் எனக்கு. ஒரு கூழாங்கல் மாறி விழுந்ததில் எல்லாம் போயிற்று. இவனிடம் அப்படி என்ன இருக்கிறது, கோணல் மூக்கும் பாதிப் பல்லும்தானே? வாசல்தான் இவனை மனுஷனாக்கி வைத்திருக்கிறது. மேலே ஏறுகிற வழியெல்லாம் சக்கோ இதையே சொல்லிக்கொண்டு போனான்.

அந்த வாரமே நூற்றுவர் தலைவர் பெலிசியோவிடம் போய் நின்றான்.

"ஐயா, சொல்லவே கூசுது. ஆத்துவாசல்ல வடக்கத்தி ஆளுங்க துணைக்கு ஆளே இல்லாம உள்ள போறாங்கய்யா. என் கண்ணால பார்த்தேன்."

பெலிசியோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "அங்க நிக்கறவன் உன் ஊருக்காரன்தான?"

"அதனாலதான்யா மனசு கேக்கல. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா அவன் தலைதான போகும்."

சொல்லும்போது சக்கோவுக்கே தான் சொல்வது உண்மை போலத்தான் இருந்தது. பொறாமைக்காரனுக்கு இது ஒரு வசதி, கோள் சொல்லும்போதும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

அடுத்த சந்தை நாளில் பெலிசியோ சொல்லாமல் கொள்ளாமல் ஆற்றுவாசலுக்குப் போனார். தகோமாஸ் வாத்துக்கு ரொட்டி பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். வடக்கத்திக்காரர்கள் தங்கள் வீட்டு வாசலைப் போல நுழைந்துகொண்டிருந்தார்கள். பிரம்படி விழுந்தது. கோதுமைக்குப் பதிலாகப் பார்லிதான் இனி என்று தண்டனை விழுந்தது. பாறைவாசலுக்குப் போ என்று உத்தரவும் விழுந்தது. பிறகு சக்கோவைக் கூப்பிட்டார்.

"யோவ், இனிமே நீ ஆத்துவாசல்ல நில்லு. கண்ணு நல்லாத் தெரியுது உனக்கு. ஒரு ஆளையும் தனியா விடக்கூடாது. அவங்க எங்க போறாங்களோ அங்க வரைக்கும் நீயோ உன் ஆளுங்கள்ல ஒருத்தனோ கூடப் போகணும், கூடவே திரும்பி வரணும். மழையோ பனியோ, புரியுதா?"

"புரியுதுங்கய்யா!" என்றான் சக்கோ. அன்றைக்கு அவனைப் போலச் சந்தோஷமான ஆள் சுவரின் இந்தக் கடலிலிருந்து அந்தக் கடல் வரை யாருமில்லை.

மூட்டையோடு இறங்கும்போது பாதிவழியில் தகோமாஸ் எதிரே வந்தான். முதுகு வீங்கியிருந்தது, நடை கொஞ்சம் சாய்ந்திருந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"எவனோ போட்டுக் குடுத்துட்டான் மாப்ள. நல்லா இருக்கட்டும். உனக்காவது நல்ல எடம் கெடச்சுதே, அது போதும்டா. அந்த உச்சியில நீ கெடந்து காயறதப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருக்கும்." கொஞ்ச தூரம் போய்த் திரும்பிக் கத்தினான். "வெல்லிபியா வந்தா அவ கத்திய பத்திரமா வெய்யிடா. அவ அப்பனோடது!"

சக்கோ தலையை ஆட்டிவிட்டு நடந்தான். நடையில் கொஞ்சம் வேகம் கூடியிருந்தது, அவ்வளவுதான்.

சந்தை நாளில் அவன் முகம் மழித்து, தலைக்கு எண்ணெய் தடவி, கொட்டடியில் ஒருவனிடம் நல்ல மேலங்கியாகப் பார்த்து இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, தகோமாஸ் நின்ற அதே இடத்தில் நின்றான். ஆட்கள் வந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. அரிவாளை வைக்கச் சொன்னால் வைத்தார்கள், வரிசையில் நிற்கச் சொன்னால் நின்றார்கள். பன்றிக்குட்டி கொண்டு வந்த ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம், "நம்மாளப் பத்தி எவனோ கோள் மூட்டிட்டானாம். அவன் நாக்கு அழுகட்டும்" என்று சொல்லித் துப்பினான். துப்பியது சக்கோவின் காலருகே விழுந்தது. வாத்து மட்டும் ஒருமுறை வந்து அவன் முகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

வெல்லிபியா வந்தாள். கூடையை இறக்கவில்லை.

"அவரு எங்க?"

"மேல போட்டுட்டாங்க. பாறைவாசலுக்கு." சக்கோ குரலைத் தகோமாஸின் குரலைப் போல இழுத்துப் பேசிப் பார்த்தான். "இனிமே நான்தான் இங்க. என் பேரு சக்கோ. கட்டி நல்ல வாசமா இருக்கே!"

அவள் கத்தியை எடுத்தாள். அவன் வாயைத் திறக்காத குறைதான். அவள் கத்தியை அவன் கையில் வைத்துவிட்டு, "அப்ப எனக்குச் சந்தை வேணாம். மேல போகணும்" என்றாள்.

"மேலயா? அங்க என்ன இருக்கு? கல்லும் காத்தும்தான்."

"எட்டுப் பேரு இருக்காங்கல்ல? அவங்களுக்கு வயிறு இல்லையா? அங்கேயே வித்துக்கறேன். போற எடத்துக்கெல்லாம் கூட வரணும்னு புதுசா உத்தரவாமே." கூடையைத் தூக்கி அவன் நெஞ்சில் இடித்தாள். "கெளம்புண்ணே. ஏத்தம் ஜாஸ்தி, இத நீ புடி."

இப்படியாகத்தான் சக்கோ, தான் ஆசைப்பட்டு வாங்கிய வேலையின் முதல் சந்தை நாளில், தான் ஆசைப்பட்ட பெண்ணின் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, அவளைத் தகோமாஸிடம் கொண்டுபோய்ச் சேர்த்தான். சுவரை ஒட்டிய பாதை முழுக்க ஏறி ஏறி இறங்குகிற பாதை. மோர்ப்புளிப்பு வாசம் மூக்கைத் துளைத்தது. அவள் வாய் ஓயவில்லை. "அவருக்கு அடி பலமாண்ணே? பார்லி தின்னா அவருக்கு வயித்துக்கு ஒத்துக்காதே. நீ அவரோட சின்ன வயசுல இருந்தே சிநேகமாமே, எப்பவும் உன்னப் பத்தித்தான் சொல்லுவாரு." வார்த்தைக்கு வார்த்தை அண்ணே. அந்த மலைக்காற்றைவிட அதுதான் அவனைக் கடித்தது.

தகோமாஸ் அவர்களைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தான், முதுகு வலியில் "ஆ" என்றான், மறுபடியும் குதித்தான். கட்டியைக் கையாலேயே பிட்டான். "மொதத் துண்டு சக்கோவுக்கு! இவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்திருக்கான் பாரு, வேற எவன் செய்வான்?" என்று அவன் வாயில் ஊட்டினான். எத்தனை நாள் நினைத்து ஏங்கிய துண்டு! சக்கோ அதை மெல்லாமலே கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டான்.

பிறகு தகோமாஸ் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினான். அன்றைக்கு மூட்டமில்லை. கீழே ஏரி, அதைத் தாண்டிப் புல்வெளி, அதில் ஒரு வட்ட வீடு, கூரையில் புகை.

"அது யாரு வீடு தெரியுமா? இவ வீடுடா! காலையில கொம்பு ஊதினதும் கதவத் தொறந்தா இவ மாட்ட ஓட்டிக்கிட்டு வெளிய வர்றா. நான் இங்கேருந்து கைய ஆட்டுவேன், அவ அங்கேருந்து திட்டுவா. காது கேக்காது, ஆனா திட்டறான்னு தெரியும். ஏன்டா, இத்தன வருஷமா இத வெச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலியே எனக்கு!"

சக்கோ பார்த்தான். இத்தனை வருடமும் தினமும் காலையில் தன் கையால் இந்தக் கதவைத் திறந்திருக்கிறான். திறந்தவுடன் ஆற்றுவாசல் இருக்கிற கிழக்குப் பக்கமாகத் திரும்பி வயிறெரிவான். நேர் எதிரே ஒரு வீடு இருப்பதை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு சந்தை நாளும் இதே கதைதான். வெல்லிபியா வருவாள், கத்தியைக் கொடுப்பாள், கூடையை நீட்டுவாள். கோடையில் வியர்வையோடும் குளிர்காலத்தில் சறுக்கலோடும் சக்கோ அவளை மேலே கொண்டுபோய் விட்டான், கொட்டடியின் ஓரமாக நின்று அவர்கள் சிரிப்பதைக் கேட்டான், கீழே கூட்டிக்கொண்டு வந்தான். வேறு ஒருவனை அனுப்பலாம் என்றால் மனம் வரவில்லை, அவன் அவளோடு பேசிவிடுவானே! போனாலும் எரிந்தது, போகாவிட்டாலும் எரிந்தது. கடைசியில் வெட்கத்தை விட்டு பெலிசியோவிடம் போனான்.

"ஐயா, என்னத் திரும்பப் பாறைவாசலுக்கே போட்டுருங்க."

பெலிசியோ அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அங்க இருந்தப்ப கண்ணு இங்க இருந்துச்சு, இங்க வந்தா அங்க வேணும்ங்கற. உனக்கு எந்த வாசல்தான்யா வேணும்? போய்யா வேலையப் பாரு."

அது நல்ல கேள்விதான். சக்கோவுக்கு வேண்டியது தகோமாஸ் நிற்கிற வாசல், அது எதுவாக இருந்தாலும்.

படைவீரன் மணம் முடிக்கக் கூடாது என்று சட்டம் உண்டு. குடித்தனம் நடத்துவதை எந்த அதிகாரியும் கண்டுகொள்வதில்லை. வெல்லிபியா அப்பனோடு சண்டை போட்டு, ஒரு மாட்டையும் பிடுங்கிக்கொண்டு சுவருக்குத் தெற்கே எங்கள் குடியிருப்புக்கே வந்துவிட்டாள். அன்றைக்கும் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட நடந்து வந்தவன் சக்கோதான், உத்தரவு அப்படி. அடுத்த வருடம் அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது.

பெயர் வைக்கும் நாளில் குடியிருப்பே அந்தச் சின்ன வீட்டில் நிறைந்திருந்தது. பன்றி இறைச்சி, பார்லிச் சாராயம், புகை. சக்கோ கதவோரம் நின்றான். பிள்ளைக்கு தகோமாஸின் அப்பன் பெயரை வைப்பார்கள், அல்லது அவள் அப்பன் பெயரை வைத்துச் சமாதானம் பேசுவார்கள் என்று எல்லாரும் நினைத்தோம். தகோமாஸ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே கதவோரத்துக்கு வந்தான். கொஞ்சம் குடித்திருந்தான், கண் கலங்கியிருந்தது.

"இவன் மட்டும் இல்லேன்னா எங்க ரெண்டு பேருக்கும் சந்தை நாளுக்குச் சந்தை நாளு ஒரு வார்த்தை பேச்சோட போயிருக்கும். வெய்யில்லயும் பனியிலயும் கூடையச் சுமந்து, அவளக் கொண்டாந்து கொண்டாந்து விட்டானே, கூடப் பொறந்தவன் செய்வானா?" பிள்ளையை நீட்டினான். "புடிடா. இவன் பேரு சக்கோ."

எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். பன்றிக்குட்டிக்காரன்கூட வந்து சக்கோவின் தோளைத் தட்டினான். சக்கோ பிள்ளையைக் கையில் வாங்கினான். நான்தான்டா உன்னைக் காட்டிக்கொடுத்தேன் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. அவன் வாயைத் திறந்தான். பிள்ளை அழுதது. வெல்லிபியா ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல. என் சக்கோ, என் தங்கம், அம்மாகிட்ட வந்துட்டியே சக்கோ" என்றாள்.

அந்தப் பெயரை அதுவரை அதிகாரிகள் கூப்பிட்டிருக்கிறார்கள், கேலிக்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்படி ஒருவரும் கூப்பிட்டதில்லை. இப்படியும் கூப்பிடக் கூடிய பெயர்தான் அது என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சக்கோ கதவோரத்தில் வெறும் கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தகோமாஸை மறந்துபோனான். அவள் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தன் பெயரை வைத்துக்கொண்டு அழுகையை நிறுத்திக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையைப் பார்த்து அவனுக்கு வயிறு எரிந்தது.